போய்ச் சேராத கடிதங்கள்

வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன ஒரு குடும்பத்தின் காகிதங்கள் எத்தனை காலம் தாங்கும்? டச்சுக்காரர்களை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டால் விசித்திரமான பதில் வருகிறது. உரியவர் கைக்குப் போய், படிக்கப்பட்டு, பெட்டியில் பூட்டப்பட்ட பழைய கடிதங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. நடுக்கடலில் எதிரி பறித்துக்கொண்டு போனவை அப்படியே இருக்கின்றன. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1670-களில் எழுதிய கடிதத்தைப் பிரித்தால் தாள் முறியாமல் வளைந்து கொடுக்கிறது. 1950-களில் கத்தரித்து வைத்த செய்தித்தாள் துண்டோ தொட்டால் உதிர்கிறது. இதில் பாதுகாத்தவரின் சாமர்த்தியத்துக்குப் பங்கு குறைவு. தாளுக்குள்ளும் மைக்குள்ளும் நடக்கும் வேதியியலுக்குத்தான் பங்கு அதிகம்.

கடல் கடந்து போவதில் டச்சுக்காரர்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். 1602 முதல் 1795 வரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் ஆசியாவுக்குப் புறப்பட்டவர்கள் ஏறக்குறைய 10 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பவில்லை. மேற்கே குராசாவ், சுரினாம், பின்னாளில் நியூயார்க் ஆன நியூ ஆம்ஸ்டர்டாம்; தெற்கே நன்னம்பிக்கை முனை. 1847-ல் வான் ரால்ட்டே என்ற போதகர் தன் சபை மக்களோடு அமெரிக்காவின் மிச்சிகன் காட்டுக்குள் போய், ஹாலந்து என்றே பெயரிட்டு ஓர் ஊரை உண்டாக்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இன்னும் ஏறத்தாழ 5 லட்சம் பேர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிற நாடுகளுக்கும் கிளம்பினார்கள். எல்லோரும் எழுதினார்கள். எழுதியது என்ன ஆயிற்று என்பதுதான் கதை.

1652-க்கும் 1784-க்கும் இடையே ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் நான்கு போர்கள் நடத்தினர். போரில் பிடித்த கப்பலை விற்றுப் பணமாக்க வேண்டுமானால், அது எதிரியின் கப்பல்தான் என்று லண்டன் கடற்படை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்குச் சாட்சியம் வேண்டும். ஆகவே கப்பலில் இருந்த ஒவ்வொரு காகிதத்தையும், தபால் பைகளையும் சேர்த்து, அள்ளிக்கொண்டு போய் நீதிமன்றத்தில் ஒப்படைத்தார்கள். வழக்கு முடிந்தது. எதிரி நாட்டுத் தபாலைப் பட்டுவாடா செய்ய யாருக்கும் அக்கறை இல்லை. வழக்குக் கட்டைத் தூக்கி எறியவும் யாருக்கும் அதிகாரம் இல்லை. அரசாங்க அலுவலகங்களின் இந்தச் சுபாவம் எல்லா நாட்டுக்கும் பொது. இம்முறை அது நல்லதில் முடிந்தது.

அந்தக் கட்டுகள் இன்று லண்டனில், கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1652 முதல் 1815 வரை பிடிபட்ட 35,000-க்கும் மேற்பட்ட கப்பல்களின் காகிதங்கள். அவற்றில் போய்ச் சேராத கடிதங்கள் மட்டும் குறைந்தது 1,60,000. டச்சு மொழியில் எழுதியவை சுமார் 38,000. அதிலும் 15,000 அளவுக்குத் தனிப்பட்ட குடும்பக் கடிதங்கள். லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவற்றிலிருந்து சாதாரண மனிதர்களின் டச்சு மொழியை மீட்டெடுத்தார்கள். 2018 முதல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் மொத்தக் குவியலையும் மின்படிமமாக்கி வருகிறது. வேலை 2037 வரை நீளும்.

மாலுமியின் மனைவி எழுதியது, கடல் கடந்து குடியேறிய மகன் எழுதியது, எழுதத் தெரியாதவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி எழுதவைத்தது என்று எல்லாம் அதில் உண்டு. கப்பல் மூழ்கும், பிடிபடும் என்று தெரிந்திருந்ததால் ஒரே செய்தியை இரண்டு மூன்று பிரதிகள் எழுதி வெவ்வேறு கப்பல்களில் அனுப்பும் வழக்கம் இருந்தது. கடிதங்களோடு சாமான்களும் அகப்பட்டன: சாவிகள், கண்ணாடி மணிகள், சீட்டுக்கட்டுச் சீட்டுகள், துணி மாதிரிகள், விதைகள். மை காய்வதற்காகத் தூவிய மணல்கூட மடிப்புகளுக்குள் இருக்கிறது.

அந்தக் காலத்துத் தாள் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். நெருக்கமான மெல்லிய கோடுகள் ஒரு திசையில் ஓடும். அவற்றைக் குறுக்கே வெட்டி, விரற்கடை இடைவெளியில் வேறு கோடுகள். தாள் செய்பவர் கூழை அள்ளிய கம்பிச் சல்லடையின் தடம் அது. நடுவே நீர்க்குறி ஒன்று தெரியும்: ஆம்ஸ்டர்டாம் நகரச் சின்னமோ, கோமாளிக் குல்லாயோ. தாளின் மூலப்பொருள் கந்தல்துணி. கட்டிக் கிழிந்த லினன் சட்டை, பழைய படுக்கை விரிப்பு, சணல் கயிறு. இவற்றை ஊறவைத்து இடித்துக் கூழாக்கி, தாளாக எடுத்துக் காயவைத்து, மை ஊறாமல் இருக்க விலங்குத் தோலைக் காய்ச்சிய ஜெலட்டினில் முக்கி எடுத்தார்கள். 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸான் ஆற்றோரத்து டச்சுக்காரர்கள் காற்றாலையால் சுழலும் கத்தி உருளையைக் கண்டுபிடித்தார்கள். உலகமெங்கும் தாள் தொழிலில் அந்த இயந்திரத்துக்கு ஹாலந்தர் என்றுதான் இன்றைக்கும் பெயர். வெஸ்ட்ஸான் ஊரில் 1692-ல் கட்டிய தி ஸ்கோல்மீஸ்டர் என்ற காற்றாலையில் இப்போதும் காற்றின் பலத்தில் தாள் செய்கிறார்கள். உலகில் அப்படி மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

கந்தல் தாள் ஏன் சாகவில்லை? தாளின் உடம்பு செல்லுலோஸ். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோத்த நீளச் சங்கிலி அது. ஆளி நாரில் இந்தச் சங்கிலி மிக நீளம். அமிலம் பட்டால் அது அங்கங்கே அறுபடும். அறுபட அறுபட நார் குட்டையாகி, தாள் மடிக்கும்போது முறியும். பழைய தாளில் அமிலம் குறைவு. துணியை வெளுக்கவும் ஊறவைக்கவும் பயன்பட்ட சுண்ணாம்பும், கடின நீரிலிருந்து ஏறிய கால்சியமும் தாளிலேயே தங்கி, பின்னால் வரும் அமிலத்தை அவ்வப்போது முறித்துவிடுகின்றன.

தாளுக்கு எமன் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை; அதன்மேல் எழுதியிருக்கும் எழுத்தே எமனாகலாம். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் புழங்கியது இரும்பு மை. ஓக் மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிட, அதைச் சுற்றி மரம் உருட்டித் தரும் காய் போன்ற புடைப்பில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைந்திருக்கும். அதை ஊறவைத்த நீரோடு அன்னபேதி சேர்த்தால் மை. நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மையும் இதே வேதியியல்தான். எழுதும்போது வெளிறித் தெரிந்து, காற்றுப் படப்படக் கறுத்து, நூற்றாண்டு போனால் பழுப்பாகும். சுரண்டினாலும் போகாது, தண்ணீரில் எளிதில் கரையாது. பத்திரம் எழுத இதைவிட நல்ல மை கிடையாது என்று நினைத்தார்கள்.

கோளாறு மிச்சத்தில் இருக்கிறது. அன்னபேதி டானினோடு சேரும்போது கந்தக அமிலம் விடுபடுகிறது. அது சங்கிலியை வெட்டும். கைப்பக்குவத்தில் அன்னபேதி கொஞ்சம் கூடிப்போனால், டானினோடு சேராமல் எஞ்சிய இரும்பு அயனிகள் தாளிலேயே தங்கி, காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தூண்டிச் செல்லுலோஸை அரிக்கவைக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் படிப்படியாகத் தெரியும். முதலில் எழுத்தைச் சுற்றி மங்கலான பழுப்பு வளையம். அடுத்து, தாளின் பின்பக்கத்தில் அதே எழுத்து இடவலம் மாறித் தெரியும். பிறகு கோட்டின் வழியே நுண்ணிய விரிசல். கடைசியில் மை கனமாக விழுந்த இடங்கள் துண்டாகப் பெயர்ந்து விழும். ‘o’ போன்ற வட்ட எழுத்தின் வயிறு கழன்று ஓட்டையாகிவிடும். எழுத்துப் போய், எழுத்தின் வடிவில் ஓட்டை மட்டும் மிஞ்சிய பக்கங்கள் காப்பகங்களில் உண்டு.

இதற்கு மருந்து கண்டதும் நெதர்லாந்துதான். 1990-களில் யோஹான் நேவல் என்ற டச்சு வேதியியலாளர், தானியங்களின் தவிட்டில் இருக்கும் ஃபைட்டிக் அமிலத்தைப் பரிசோதித்தார். சத்துணவு பற்றிப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். முழுத்தானியத்தில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்வது இதே பொருள்தான். சாப்பாட்டில் தொல்லையாக இருக்கும் குணம், கடிதத்தில் வரமாகிவிட்டது. கால்சியம் ஃபைட்டேட் கரைசலில் தாளை நனைத்தால் தறிகெட்டுத் திரியும் இரும்பு கட்டுப்படும். அடுத்து கால்சியம் பைகார்பனேட்டில் நனைத்தால் அமிலம் முறியும். சிகிச்சை தேவையா என்று அறிய ஒரு சோதனைத்தாள் பட்டையும் உண்டு. ஈரமாக்கி மையின் மேல் சில நொடிகள் வைத்தால், கட்டுப்படாத இரும்பு இருக்கும் இடத்தில் பட்டை சிவந்துவிடும்.

தாளைத் தின்னும் அதே இரும்பு, பிரிக்காத கடிதத்தைப் படிக்கவும் வழி செய்திருக்கிறது. ஹேக் நகரத் தபால் அதிகாரியாக இருந்த சிமோன் தி பிரியேன், ஆள் கிடைக்காத, வாங்க மறுத்த கடிதங்களைப் பெட்டியொன்றில் போட்டு வைத்தார். அந்தக் காலத்தில் தபால் செலவைப் பெறுபவர்தான் தர வேண்டும். என்றாவது யாராவது வந்து காசு கொடுத்து வாங்கிப் போவார்கள் என்று எண்ணியிருக்கலாம். 17-ம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த அந்தப் பெட்டியில் சுமார் 2,600 கடிதங்கள். அவற்றில் ஏறத்தாழ 600 ஒருபோதும் பிரிக்கப்படாதவை. உறை கிடையாது, தாளையே மடித்து, செருகி, முத்திரையிட்டுப் பூட்டியிருக்கிறார்கள். பிரித்தால் அந்தப் பூட்டு என்றென்றைக்கும் அழிந்துவிடும். எனவே பல் ஆராய்ச்சிக்கென உருவாக்கிய நுண் எக்ஸ்ரே கருவியில் வைத்துப் படம் எடுத்தார்கள். இரும்பு மை எக்ஸ்ரேயை அதிகம் தடுப்பதால் எழுத்துகள் வெண்மையாகத் தெரிந்தன. மடிப்புகளைக் கணினி ஒவ்வொன்றாக விரித்தது. 2021 மார்ச்சில் முடிவு வெளியானது. 1697 ஜூலை 31 அன்று பிரான்ஸின் லீல் நகரிலிருந்து ஒருவர், ஹேகில் இருந்த உறவினரிடம், இறந்துபோன இன்னொரு உறவினரின் மரணச் சான்றிதழ் நகல் கேட்டு எழுதியிருந்தார். 324 ஆண்டு காத்திருந்து படித்தது ஒரு சான்றிதழ் விண்ணப்பத்தை! காதல் கடிதமாக இருந்திருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டவர்கள் ஏமாந்திருப்பார்கள். ஆனால் ஊரைவிட்டுப் போன குடும்பங்கள் உண்மையில் எதற்காகக் கடிதம் எழுதுகின்றன என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது.

மறுபடியும் கியூ காப்பகம். யான் டேர்லிங்க் என்ற டச்சு வணிகர் குடியேறியவர் அல்ல, போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர். 1803-ல் நன்னம்பிக்கை முனையில் விதைகள் சேகரித்து, சிறு காகிதப் பொட்டலங்களாக மடித்து, சிவப்புத் தோல் குறிப்பேட்டில் வைத்திருந்தார். அவர் வந்த ஹென்ரியெட் கப்பல் பிடிபட்டது. குறிப்பேடு லண்டன் கோபுரத்துக்குப் போய், அங்கிருந்து வேறு கட்டடங்களுக்கு மாறி, கியூ வந்து சேர்ந்தது. இரண்டு நூற்றாண்டு கழித்து டச்சு ஆய்வாளர் ஒருவர் கண்ணில் பட்டது. 32 இன விதைகள். அவற்றை மில்லேனியம் விதை வங்கியில் முளைக்கப் போட்டார்கள். மூன்று இனங்கள் முளைத்தன. லிப்பாரியா என்ற பயறு வகைச் செடியின் 25 விதைகளில் 16 முளைவிட்டன. லூக்கோஸ்பெர்மம் என்ற புரோட்டியா குடும்பச் செடியிலும், ஒரு வேல மர இனத்திலும் ஒவ்வொன்று. குளிர்பதனம் இல்லை, ஈரம் அகற்றிய அறை இல்லை. வெறும் காகிதப் பொட்டலம். பயறு வகை விதைகள் பலவற்றுக்குத் தண்ணீர் புகாத தோல் உண்டு. உள்ளே ஈரம் ஏறாதவரை உயிர் மெதுவாகத்தான் செலவாகும். லண்டன் குளிரும் உதவியிருக்கும். பிடிபடாமல் போயிருந்தால் அந்த விதைகள் 1804-லேயே ஏதோ ஒரு டச்சுத் தோட்டத்தில் முளைத்து, வாடி, மறக்கப்பட்டிருக்கும்.

அலட்சியம் காப்பாற்றிய கதை இன்னொன்று அமெரிக்காவில். 1911 மார்ச் 29 அன்று ஆல்பனியில் நியூயார்க் மாநில நூலகம் தீப்பிடித்தது. ஆங்கில ஆவணங்கள் வசதியான மேல் தட்டில் இருந்து எரிந்தன. பழைய டச்சுக் குடியேற்ற ஆவணங்கள் யாரும் அதிகம் கேட்காததால் கீழ்த்தட்டில் கிடந்தன. ஓரங்கள் கருகியதோடு தப்பின. இறுக மூடிய காகிதக் கட்டுக்குள் காற்றுப் புகாது, ஆகவே தீ ஓரத்தோடு நிற்கும். ஆனால் காப்பாளர் வான் லார் மொழிபெயர்த்து வைத்திருந்த கையெழுத்துப் பிரதி எரிந்துபோயிற்று. எஞ்சிய சுமார் 12,000 பக்கங்களை 1974 முதல் சார்லஸ் கெரிங் என்பவர் தலைமையில் மறுபடி மொழிபெயர்க்கத் தொடங்கினார்கள்.

குளிர்நாட்டில் அலட்சியத்திலும் தாள் இப்படிப் பிழைக்கும். நம் பக்கம்? வெப்பம் 5 டிகிரி கூடினால் தாள் சிதையும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது காப்பாளர்களின் கைக்கணக்கு. அதோடு ஈரக்காற்று, கரையான், இராமபாணப் பூச்சி. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையில் இருந்தது. பழவேற்காட்டில் அதற்கும் முந்தியே கோட்டை கட்டியிருந்தார்கள். கம்பெனியின் ஆவணங்கள் ஓரளவு பிழைத்தன. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருப்பவையும் சேர்ந்துதான் 2003-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் ஏறின. குடும்பக் காகிதங்கள் அவ்வளவு கொடுத்து வைத்தவை அல்ல. இலங்கையில் தங்கிப்போன டச்சுப் பறங்கியர் குடும்பத்தினர் இதற்கு நல்ல யுக்தி கண்டுபிடித்தார்கள். 1908-ல் கொழும்பில் சங்கம் தொடங்கி, குடும்பங்களின் வம்சாவளியை ஒவ்வொன்றாகத் தங்கள் சஞ்சிகையில் அச்சடித்தார்கள். ஒரு தாள் அழிந்தால் இன்னொரு வீட்டில் இன்னொரு பிரதி இருக்கும். 20-ம் நூற்றாண்டின் நடுவில் அவர்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, வெள்ளையருக்கு மட்டுமே கதவு திறந்த அந்நாட்டு அதிகாரிகளிடம் ஐரோப்பிய வம்சம் என்று நிரூபிக்க அந்த அச்சிட்ட பக்கங்கள் பயன்பட்டன. காகிதத்துக்கு இப்படியும் ஒரு வேலை வந்தது; பெருமைப்படும் வேலை என்று சொல்ல மாட்டேன்.

இனி அந்த உதிரும் செய்தித்தாளுக்கு வருவோம். 19-ம் நூற்றாண்டில் தாளின் தலையெழுத்து மாறியது. 1807-ல் ஜெர்மனியின் இல்லிக், ஜெலட்டினுக்குப் பதிலாகப் படிகாரமும் மரப்பிசினும் சேர்க்கும் முறையை வெளியிட்டார். மலிவு; ஆனால் படிகாரம் ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தைத் தரும். 1844-ல் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கினார். மரக்கூழில் நார் குட்டை. லிக்னின் என்ற பொருளும் கூடவே வரும், அதுதான் வெளிச்சத்தில் தாளை மஞ்சளாக்குவது. தாள் பெருகியது, விலை சரிந்தது, எல்லோரும் படித்தார்கள். விலையை நாம் இப்போது கொடுக்கிறோம். நெதர்லாந்து 1997 முதல் மெட்டாமார்ஃபோஸ் என்ற தேசியத் திட்டத்தின் கீழ், இந்த அமிலத் தாள்கள் உதிர்வதற்குள் படமெடுத்து, அமிலம் நீக்கி வருகிறது.

க்ரோட்டே பேர், வாட்டர்மான், ஸாய்டர்குராய்ஸ் என்ற கப்பல்களில் 1950-களில் புறப்பட்ட குடும்பத்தினர் இந்தத் தாளோடுதான் போனார்கள். பணத்தை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்ததால், வீட்டுச் சாமான் முழுவதையும் பெரிய மரப்பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். அதிலிருந்து எஞ்சியவற்றை ஓர் ஆய்வகக் கண்ணால் பார்த்தால் தரவரிசை தலைகீழாக இருக்கும். முப்பாட்டன் காலத்துப் பெரிய வேதாகமம், முதல் ஏட்டில் பிறப்பு இறப்பு எழுதியது, கந்தல் தாள், பித்தளைக் கொக்கி போட்டு இறுக மூடியது: நன்றாக இருக்கும். கறுப்பு வெள்ளைப் படங்கள்: வெள்ளித் துகளால் ஆனவை, ஓரத்தில் பாதரசம் பூசியதுபோல் மினுங்கினாலும் முகம் இருக்கும். நீல நிற விமானக் கடிதம்: பால்பாயிண்ட் பேனாவின் சாயம் வெளிச்சத்தில் வெளிறும். 1960-களின் வண்ணப் படங்கள்: இருட்டில் வைத்தாலும் நீலச் சாயம் முதலில் போய், குடும்பமே செந்நிறமாகிவிடும். பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கொண்டுவந்த கேசட்டில் பேசி அனுப்பிய குரல்: காந்தத் துகளை ஒட்டியிருக்கும் பசை ஈரத்தில் சிதையும். வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிக் கேசட்டில் பேசிய நம் வீடுகளிலும் இதுவே நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போது சில காரியங்கள். லாமினேஷன் கடைக்குப் போகாதீர்கள். சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக்கைப் பிற்பாடு எடுக்க முடியாது, அமிலமும் உள்ளேயே பூட்டப்படும். செலோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். துருப்பிடித்த குண்டூசி, கிளிப்புகளைக் கழற்றிவிடுங்கள். செய்தித்தாள் துண்டுகளைக் கடிதங்களோடு சேர்த்து வைக்க வேண்டாம். அவற்றின் அமிலம் பக்கத்துத் தாளுக்கும் தாவும். பரணில் வைக்காதீர்கள், வீட்டிலேயே வெப்பம் அதிகம் ஏறியிறங்கும் இடம் அது. நடு அறை அலமாரியின் நடுத்தட்டு போதும். கேசட்டுகளை இந்த ஆண்டே பிரதி எடுங்கள். படங்களில் இருப்பவர் யார் என்று சொல்லத் தெரிந்த பாட்டி இருக்கும்போதே கேட்டு, பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம்.